மூன்றாவது கோடு

ஜூலை 18, வெள்ளி

இந்தக் குறிப்பேட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். எனக்கு வெட்கம் தருவதாக இருந்தாலும் எழுதுவேன். யாராவது எடுத்துப் படித்துவிடுவார்களோ என்று பயந்து மாற்றி எழுத மாட்டேன். இப்படிக்கு, செ. கோகிலவாணி, ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு.

இது கோழித் தீவனக் கடையில் அப்பாவுக்குக் கொடுத்த டைரி. ஜனவரியிலிருந்து இன்றுவரை வெறுமையாகக் கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கோழி வளர்ப்போருக்கு ஒரு அறிவுரை அச்சிட்டிருக்கிறார்கள். இன்றைய பக்கத்தில் "தண்ணீர்த் தொட்டியை நாள்தோறும் கழுவவும்" என்று இருக்கிறது. பொன்மொழி இருந்தால் நன்றாக இருந்திருக்கும். பரவாயில்லை.

இன்று ஆரம்பிப்பதற்குக் காரணம் உண்டு. அப்பா கொல்லிமலைக் கடைகளுக்கு மோட்டார் சைக்கிளில் முட்டை கொண்டுபோகிறவர். பின்னால் மரச்சட்டம் கட்டி, பதினாறு அட்டை அடுக்குவார். அட்டைக்கு முப்பது, ஆக நானூற்று எண்பது முட்டை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஒன்றுகூட உடையாமல் இறக்குவார் என்று ஊரில் பெயர். இன்று மத்தியானமே திரும்பிவிட்டார். முழங்கை தேய்ந்திருந்தது. கால்சட்டையில் மஞ்சள் கரு காய்ந்து ஒட்டியிருந்தது. வளைவில் செயின் நழுவி வண்டி இழுக்காமல் சாய்ந்துவிட்டதாம்.

அம்மா சுடுதண்ணீர் வைத்துக் காயத்தைக் கழுவினாள். எந்த வளைவு என்றுகூடக் கேட்கவில்லை.

ஜூலை 19, சனி

அப்பா காலையிலேயே நாமக்கல் போய் புதுச் செயினும் இரண்டு பல்சக்கரங்களும் வாங்கி வந்தார். அட்டைப்பெட்டியில் ஸ்பிராக்கெட் என்று போட்டிருந்தது. அப்படியே வண்டியைத் தள்ளிக்கொண்டு சித்தப்பா பட்டறைக்குப் போனார். அர்த்தநாரி சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. எங்கள் வண்டி பிறந்ததிலிருந்து அதைத் தொட்டவர் அவர் ஒருவர்தான்.

அரை மணி நேரத்தில் அப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தார். பெட்டி பிரிக்கப்படாமல் இருந்தது. சித்தப்பா மாட்ட முடியாது என்று சொல்லிவிட்டாராம். ஏன் என்று கேட்டேன். அவனுக்குத் தலைக்கனம் என்றார் அப்பா. ஊரில் இன்னும் மூன்று பட்டறை இருக்கிறதே என்றேன். தம்பி பட்டறை இருக்கும்போது செங்கோடன் வேறு பட்டறைக்கு வண்டி விட்டான் என்றால், பொழுது சாய்வதற்குள் அண்ணன் தம்பி பிரிந்துவிட்டார்கள் என்று பேசுவார்களாம். பங்காளிச் சண்டையைத் தெருவில் வைக்கக் கூடாது என்றார்.

ஆகவே நாங்களே வீட்டில் மாற்றப்போகிறோம். நானும் அப்பாவும். ஆடிப் பதினெட்டுக்கு இரண்டு வாரம் இருக்கிறது. அன்று மலைக்கு ஊரே ஏறும், கடைகளில் முட்டை பத்தாது. அதற்குள் முடித்தாக வேண்டும்.

சித்தப்பாவை நினைத்தால் கோபமாக வருகிறது.

ஜூலை 20, ஞாயிறு

இன்று நான் கற்றுக்கொண்டது ஒரு வருட அறிவியல் பாடத்துக்குச் சமம்.

வாசலில் வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் நிறுத்தினோம். முதலில் செயின் கவரைக் கழற்ற வேண்டும். பிறகு செயினின் இரண்டு முனைகளையும் சேர்த்திருக்கும் லாக்கை மூக்குக் குறடால் நெம்ப வேண்டும். அது மீன் வடிவத்தில் ஒரு சின்னத் தகடு. மூடிய பக்கம் வண்டி ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். வாய்ப்பக்கம் முன்னால் இருந்தால் ஓட ஓடக் கழன்றுவிடும். இதை அப்பா மூன்று முறை சொன்னார்.

நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் வேலை. பதினாலு கேட்டபோது தவறிப் பன்னிரண்டைக் கொடுத்துவிட்டேன். அப்பா அதைப் பார்த்து வாங்கி, போல்ட்டில் வைத்து, அது ஏறாததால் கட்டைவிரலால் எண்ணைத் தடவிப் பார்த்து, "இது பன்னெண்டு பாப்பா" என்றார். எண் பெரிதாகத்தான் பொறித்திருக்கிறது. வெளிச்சம் பத்தவில்லை என்றார். மணி பதினொன்று. ஒருவேளை வேப்பமர நிழல் விழுந்திருக்கலாம்.

பின் சக்கரத்தை இறக்கியதும் பழைய பல்சக்கரத்தைப் பார்த்தேன். பற்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, சின்னப் பிள்ளைகள் வரையும் கடல் அலை மாதிரி கொக்கி கொக்கியாக இருந்தன. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாரு, தொட்டுப் பாரு. இதுதான் என்னைத் தள்ளிவிட்டது. வேற ஒண்ணும் இல்ல."

அம்மா பற்களைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். ஆமாங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பின் பல்சக்கரத்தில் நான்கு நட்டு. இரண்டு வந்தன, இரண்டு துருப்பிடித்து அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்திருக்கிறோம்.

ஜூலை 21, திங்கள்

பள்ளி. கணக்குத் தேர்வு. வீட்டில் எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

நேற்று எழுதியது சரியில்லை. நடந்தது இது. சாப்பிடும்போது அப்பா தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டார். அது அவருக்கு எதிரில்தான் இருந்தது. அம்மா துடைத்தாள். அதற்குப் பிறகு மோர் டம்ளரை இலைக்குப் பக்கத்தில் வைக்காமல், அப்பாவின் கையைப் பிடித்து அதற்குள் வைத்தாள்.

இதில் எழுத என்ன இருக்கிறது என்று நேற்று தோன்றியது. இன்று எழுதிவிட்டேன்.

ஜூலை 23, புதன்

பள்ளி விட்டு வந்ததும் பெட்டியைப் பிரித்து முன் பல்சக்கரத்தைப் பார்த்தோம். அது எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னது. அப்பா பழையதையும் புதியதையும் இரண்டு கையில் வைத்து, சரியாக இருக்கிறது, மாட்டிவிடலாம் என்றார். எனக்கு எதையும் எண்ணிப் பார்க்காவிட்டால் மனம் ஆறாது. ஒரு பல்லில் சாக்பீஸ் வைத்து எண்ணினேன். பழையது பதினாலு. புதியது பதினைந்து.

நல்லா எண்ணு என்றார். மூன்று தடவை எண்ணினேன். பிறகு அவரே வாங்கி ஒவ்வொரு பல்லாகக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி எண்ணினார். எண்ணும்போது கண்களை மூடிக்கொண்டார். கவனம் சிதறாமல் இருக்க என்று நினைக்கிறேன். பதினைந்துதான்.

முன்னால் பல் கூடினால் வேகம் வரும், இழுவை குறையும். மலைக்குப் பதினாலுதான் சரி. சனிக்கிழமை போய் மாற்ற வேண்டும். அப்பா என் தலையைத் தடவி, நீ இல்லாவிட்டால் கெட்டிருக்கும் பாப்பா என்றார். நான் தேர்வில் முதலாவதாக வந்தபோதுகூட இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. அப்பா வீட்டில் சும்மா இருந்து பழக்கமில்லாதவர். நடந்துகொண்டே இருக்கிறார். சாயங்காலம் எனக்கு ஒரு விளையாட்டுக் காட்டினார். நான் ஏதாவது ஒரு எண் சொல்ல வேண்டும், அந்த வளைவில் என்ன இருக்கிறது என்று அவர் சொல்வார்.

பதினொன்று என்றேன். இடது பக்கம் பலா மரம், அதற்குக் கீழே ரோடு பள்ளம். இருபத்தாறு. பாறையிலிருந்து தண்ணீர் வடியும், உள்பக்கமாகவே போக வேண்டும். நாற்பத்து மூன்று. தடுப்புச் சுவர் உடைந்தது, இன்னும் கட்டவில்லை. நான் முப்பது எண்களுக்குமேல் கேட்டேன். ஒன்றுக்கும் யோசிக்கவில்லை.

"ஹாரன் அடிச்சிட்டு, மனசுக்குள்ள மூணு எண்ணித் திருப்பினா வளைவு முடிஞ்சிரும். கண்ணை மூடிட்டுக்கூட ஓட்டுவேன்" என்றார்.

எனக்கு அது அதிசயமாக இருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து, போதும் பாப்பா, போய்ப் படி என்று அதட்டினாள். நான் என்ன தப்புச் செய்தேன் என்று தெரியவில்லை.

ஜூலை 26, சனி

நாமக்கல் போய்ச் சக்கரத்தை மாற்றி வந்தோம். கடைக்காரர் மறுபேச்சுப் பேசவில்லை. பேருந்து நிலையத்தில் ஒவ்வொரு பேருந்து வரும்போதும், இது எங்கே போகிறது என்று அப்பா என்னைக் கேட்டார். பலகையில் எழுதியிருந்தது. அப்பாவுக்குப் பலகை படிக்கிற பொறுமை இல்லை.

இந்தக் கடைசி வரியை அடிக்கலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

அப்பா தூங்கும் நேரம் பார்த்துச் சித்தப்பாவின் பட்டறைக்குப் போனேன். அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் போனேன். சொந்த அண்ணனுக்குச் செய்யாதவர் யாருக்குச் செய்து என்ன பயன் என்று ஒரு வாக்கியம் வழியெல்லாம் தயார் செய்திருந்தேன்.

சித்தப்பா ஒரு ஸ்கூட்டரின் அடியில் படுத்திருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை அப்படியே கிடந்தார். சித்தி சுமதி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "வாங்க வக்கீலம்மா" என்றாள். சித்தப்பா எழுந்து கை துடைத்துவிட்டு, என்னை ஸ்டூலில் உட்கார வைத்தார்.

"செயின் நழுவுச்சுன்னு உங்கப்பன் சொன்னானா?"

ஆமாம் என்றேன்.

"முப்பத்தெட்டாவது வளைவுல கீழ எறங்குற பஸ்ஸு. டிரைவரு ஹாரன் அடிச்சிருக்காரு, லைட்டும் போட்டிருக்காரு. உங்கப்பன் நேரா வந்திருக்கான் பாப்பா. பஸ்ஸு இருக்குன்னே அவனுக்குத் தெரியல. டிரைவரு ஓரமா ஒடிச்சு நிறுத்தலைன்னா நாம இன்னைக்கு இப்படி உக்காந்து பேச மாட்டோம். அந்த டிரைவரே அன்னைக்கு ராத்திரி வந்து எங்கிட்ட அழுதுட்டுப் போனாரு."

சித்தப்பா செயினை மாட்டித் தந்தால் அப்பா மறுபடி மலை ஏறுவார். அதனால் மாட்ட மறுத்திருக்கிறார். ஊரிலுள்ள மற்றப் பட்டறைகளிலும் போய்ச் சொல்லி வைத்திருக்கிறார்.

"ஒரு கண்ணு சுத்தமா மங்கிருச்சு. இன்னொண்ணும் போயிட்டிருக்கு. சக்கரை. ஆஸ்பத்திரிக்கு வாண்ணான்னா என்னையவே அடிக்க வரான்."

அந்த வாக்கியத்தைச் சொன்னதற்கு வெட்கமாக இருந்தது. திரும்பி வரும்போது எல்லாமே வரிசையாக நினைவுக்கு வந்தது. பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர். சொம்பு. பலகை. நான் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். எழுதி வைத்தும் படிக்கவில்லை.

நாங்கள் மாற்றுகிற செயின் எதற்கு என்று இப்போது தெரிகிறது. அதை மாற்றிவிட்டால் விழுந்ததற்குச் செயின்தான் காரணம் என்று ஆகிவிடும்.

ஜூலை 28, திங்கள்

எழுத மனமில்லை.

ஜூலை 30, புதன்

அம்மாவிடம் கேட்டுவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"நாந்தான் உங்க சித்தப்பன்கிட்டப் போயி, வண்டியத் தொடாதன்னு சொன்னேன். வேற என்ன பண்றது? அவருகிட்டச் சொல்லிப் பாத்துட்டேன். கண்ணு தெரியலைன்னு சொன்னா, அப்ப என்னைய என்ன பண்ணச் சொல்ற, உக்காந்து திங்கச் சொல்றியாங்கறாரு."

சித்தப்பா மறுத்தாலும் வீட்டிலேயே மாட்டுவார் என்று அம்மா எதிர்பார்க்கவில்லை. தனியாக அவரால் முடியாது என்று நினைத்திருந்தாளாம். நான் இருப்பேன் என்பதை மறந்துவிட்டாள்.

நான் உதவ மாட்டேன் என்று சொல்லிவிடவா என்று கேட்டேன். அம்மா மடித்த துணியைப் பெட்டியில் வைத்துவிட்டு, நீ செய்யாவிட்டால் அவரே தடவித் தடவிச் செய்வார், அது இன்னும் மோசம் என்றாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

துருப்பிடித்த இரண்டு நட்டும் ஒரு வழியாக வந்துவிட்டன. பின் பல்சக்கரம் மாட்டியாயிற்று. முட்டை தரும் பண்ணைக்காரர் நாளை சாயங்காலம் முப்பது அட்டை இறக்குகிறார். அப்பா ஞாயிறு விடிகாலையில் ஒரு நடை, மத்தியானம் ஒரு நடை என்று திட்டம் போட்டிருக்கிறார். சாப்பிடும்போது பாட்டு முணுமுணுத்தார்.

வகுப்பில் ஆசிரியை என்னைப் பார்த்து உடம்பு சரியில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஆகஸ்ட் 2, சனி

செயின் மாட்டியாகிவிட்டது. கையில் கிரீஸ் போகவில்லை. மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப் பதினெட்டு

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். நேற்றே எழுதியிருக்க வேண்டும்.

காலை பத்து மணிக்கு ஆரம்பித்தோம். முன் பல்சக்கரம், பின் சக்கரம், செயின், லாக். லாக்கை நான்தான் மாட்டினேன், மூடிய பக்கம் சரியான திசையில். கடைசியாகச் செயினின் இறுக்கம் பார்க்க வேண்டும். பின் சக்கரத்தின் அச்சைப் பிடித்தபடி இரண்டு பக்கமும் இரண்டு திருகாணிகள். அவற்றுக்கு மேலே இரும்பில் சின்னச் சின்னக் கோடுகள் வெட்டியிருக்கும். இடது பக்கம் எத்தனையாவது கோட்டில் அச்சு நிற்கிறதோ, வலது பக்கமும் அதே கோட்டில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் கோணலாக ஓடும். செயின் பல்லை அறுக்கும். வளைவில் வண்டி சொன்ன பேச்சுக் கேட்காது.

இடது பக்கம் மூன்றாவது கோடு. அதைச் சொன்னேன். அப்பா வலது பக்கம் வந்து உட்கார்ந்து திருகினார். குனிந்து, கன்னம் இரும்பில் படுகிற அளவுக்கு முகத்தைக் கொண்டுபோனார். பிறகு நிமிர்ந்தார்.

"இப்ப எத்தனை?"

அச்சு ஐந்தாவது கோட்டில் நின்றது. தெளிவாக, வெயிலில், எனக்குத் தெரிந்தது. என் வாயிலிருந்து வருகிற எண்தான் இந்த வண்டி என்று அப்போது தோன்றியது. நான் எதைச் சொன்னாலும் அவர் அதை நம்பி இறுக்கிவிடுவார்.

"மூணு" என்றேன்.

திட்டம் போட்டுச் சொல்லவில்லை. அப்படி எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் உண்மை இல்லை. வாய் சொல்லிவிட்டது.

சரி, ரெண்டும் ஒண்ணாயிருச்சு என்று சொல்லி அப்பா பெரிய ஸ்பேனரை நட்டில் வைத்தார். சக்கரம் கோணலாக இருந்தது. பின்னால் நின்று பார்த்தால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அவர் அந்தச் சக்கரத்தின் மேலேயே கையை ஊன்றி, பலம்கொண்ட மட்டும் இறுக்கினார். ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. அவர் கழுத்தில் வேர்வை வழிந்தது. நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். அவர் பார்த்துவிடுவார், பார்த்துவிடுவார் என்று.

இறுக்கி முடித்து, ஸ்பேனரைக் கீழே வைத்து, சக்கரத்தைத் தட்டிக் கொடுத்தார்.

"அப்பா, நான் பொய் சொன்னேன். மூணு இல்ல. அஞ்சு."

அப்பா என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் பார்த்தார். பிறகு கையை நீட்டி வலது பக்கக் கோடுகளைக் கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொன்றாகக் கீறி எண்ணினார். இடது பக்கம் நகர்ந்து அங்கேயும் எண்ணினார். திரும்பி வந்து மறுபடி எண்ணினார்.

எதுக்கு அப்படிச் சொன்னாய் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். அடிப்பார் என்றும் நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"எப்ப இருந்து தெரியும்?"

"போன ஞாயித்துக்கிழமை இருந்து."

"அம்மாவுக்கு?"

"முன்னாடியே."

அப்பா தலையை ஆட்டினார். நட்டைத் தளர்த்தினார். நீ சொல்லு என்றார். நான் சொன்னேன், அவர் திருகினார். மூன்றுக்கு மூன்று. சரியாக வந்ததும் இறுக்கிவிட்டு, சோப்புத்தூள் போட்டுக் கை கழுவினார். சட்டை மாட்டினார். வண்டிச் சாவியை எடுத்தார். ஆனால் அவர் வண்டியை உதைக்கவில்லை. ஸ்டாண்டிலிருந்து இறக்கித் தள்ள ஆரம்பித்தார்.

கடைவீதி வழியாகத்தான் போக வேண்டும். ஆடிக் கூட்டம். புதுச் செயின் போட்ட வண்டியை ஏன் தள்ளிக்கொண்டு போகிறீர்கள் என்று இரண்டு பேர் கேட்டார்கள். நான் பின்னாலிருந்து தள்ளினேன்.

சித்தப்பா எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வண்டியை வாங்கி ஸ்டாண்டு போட்டு, கீழ்ச் செயினை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். யார் மாட்டியது என்றார். பாப்பாதான் என்றார் அப்பா. சித்தப்பா அப்பாவைச் சீட்டில் உட்காரச் சொன்னார். பின்னால் சித்தியையும் உட்காரச் சொன்னார். "இப்பத் தூக்கிப் பாரு" என்றார் என்னிடம்.

செயின் தந்திக் கம்பி மாதிரி விறைத்து நின்றது.

நாங்கள் காலி வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி வைத்து இறுக்கம் பார்த்திருக்கிறோம். பாரம் ஏறினால் பின் சக்கரம் மேலே எழும்பும், செயின் இன்னும் இழுபடும். பதினாறு அட்டையும் ஒரு ஆளும் ஏறி மலையில் போனால் பாதி வழியில் அறுந்திருக்கும் என்றார். கோடு கோடு என்று கோட்டையே பார்த்தோமே தவிர, இதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

"கத்துக்குடுத்தவனுக்கும் தெரியல, கத்துக்கிட்டவளுக்கும் தெரியல. நல்ல பட்டறைடா சாமி" என்றார் சித்தப்பா. சித்தி பின்சீட்டிலிருந்து இறங்காமலே, "லாக்கு மட்டும் சரியா போட்டிருக்குல்ல, அதைச் சொல்லுங்க மொதல்ல" என்றாள்.

சித்தப்பா தளர்த்திச் சரி செய்தார். அவர் வேலை முடியும் வரை அப்பா சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்காமல், கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நாளைக்கு நீ ஏத்திட்டுப் போறியா?"

சித்தப்பா கைத்துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "சரிங்கண்ணா" என்றார்.

சாயங்காலம் சித்தப்பா வீட்டுக்கு வந்து அட்டைகளை அடுக்கிக் கட்டினார். அப்பா பக்கத்தில் நின்று வளைவுகளைச் சொல்லிக்கொண்டே இருந்தார். பதினொன்றில் பள்ளம். இருபத்தாறில் ஈரம். சித்தப்பா கயிற்றை இழுத்தபடி, "எனக்குக் கண்ணு தெரியும்ணா, பாத்தே போயிக்கறேன்" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அம்மா கையிலிருந்த கயிறு அப்படியே நின்றது. அப்பாதான் முதலில் சிரித்தார். சிரிப்பு என்று எழுதுகிறேன். அந்தச் சத்தத்துக்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

இன்று சித்தப்பா விடிகாலையில் ஏறி மத்தியானம் இறங்கினார். மூன்று முட்டைதான் உடைந்தது. அதுவரை அப்பா சாப்பிடவில்லை. ஊரெல்லாம் புதுத் துணி. வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் திருப்பினார். எங்கள் வண்டி தெருமுனையில் வரும்போதே, "செயின் சத்தம் இல்ல, சரியா இருக்கு" என்றார். நான் அப்போது இன்னும் எதையும் கேட்டிருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சேலத்துக்குப் போகிறோம் என்று அம்மாவிடம் அவரே சொன்னார். பாப்பாவும் வரட்டும், அவள்தான் பலகை படிப்பாள் என்றார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கண் ஆஸ்பத்திரியில் எங்களுக்கு டோக்கன் எழுபத்து ஒன்பது. முதல் அறையில் நீள பெஞ்சு போட்டு எல்லாரையும் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். எதிர்ச் சுவரில் தமிழ் எழுத்துகள் எழுதிய பலகை. மேலே ஒரே ஒரு பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்னது. ஒவ்வொருவராக எழுந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிக்க வேண்டும். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு அக்கா எழுதிக்கொண்டே இருந்தார்.

எங்களுக்கு முன்னால் ஆறு பேர். ஆறு பேரும் சத்தமாகப் படித்தார்கள். அப்பா பெஞ்சில் கண்ணை மூடி, உதடு அசைய உட்கார்ந்திருந்தார். சாமி கும்பிடுகிறார் என்று அம்மா நினைத்திருப்பாள். அவர் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவர் முறை வந்தது. வலது கண்ணை மூடச் சொன்னார்கள். அப்பா நிமிர்ந்து நின்று முதல் வரி படித்தார். இரண்டாவது படித்தார். மூன்றாவது, நான்காவது. ஒரு எழுத்துக்கூடத் தடுமாறவில்லை. நல்லா இருக்கே என்று அந்த அக்கா எழுதப் போனார்.

சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு நாக்கு நுனியில் வந்துவிட்டது. சொன்னால் இத்தனை பேர் முன்னால் சொன்னதாக இருக்கும். சொல்லாவிட்டால் அடுத்த வாரம் அவர் வண்டிச் சாவியைக் கேட்பார். அம்மா என் கையை அழுத்தினாள், எதற்கு என்று தெரியவில்லை.

அப்பா கண்ணிலிருந்து கையை எடுத்தார்.

"இல்லீங்க, அதை எழுதாதீங்க" என்றார். "முன்னாடி இருந்தவங்க படிச்சதைக் கேட்டுச் சொன்னேன். எனக்கு மேல இருக்கற பெருசே தெரியலைங்க."

அந்த அக்கா பேனாவை நிறுத்தினார். பெஞ்சில் இருந்த எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் அதைப் பார்க்கவில்லை. அந்த அக்கா பலகையை விட்டு அவருக்கு அருகில் வந்து, விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டார். இன்னும் அருகில் வந்தார். இன்னும் அருகில். ஒரு முழத் தூரத்தில் அப்பா, "ரெண்டு" என்றார். அது ரெண்டுதான்.

பிறகு சொட்டு மருந்து விட்டார்கள். எரிகிறது என்றார். முக்கால் மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், அதாவது அவர். நானும் கொஞ்ச நேரம் மூடிப் பார்த்தேன். சக்கர நாற்காலிச் சத்தம், யாரோ பெயர் கூப்பிடுவது, அம்மாவின் வளையல். அதிக நேரம் இருக்க முடியவில்லை, திறந்துவிட்டேன்.

உள் அறையில் டாக்டரம்மா இருந்தார். ஒருவர்தான் கூட வரலாம் என்றார்கள். அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார். உயரமான நாற்காலியில் சாய வைத்து, தாடையைத் தூக்கி, தலையில் விளக்கு மாட்டியபடி டாக்டரம்மா பக்கத்தில் வந்து நின்றார். அப்பா நாற்காலியின் கைகளைப் பிடித்திருந்த விதம், இறக்கத்தில் வண்டியைப் பிடிப்பது போலவே இருந்தது. பயமாக இருக்கிறதா என்று டாக்டரம்மா கேட்டார். ஆமாங்க என்றார் அப்பா.

கண்ணுக்குள் பார்க்க அறை இருட்டாக வேண்டுமாம். சுவிட்ச் என் பக்கத்தில்தான் இருந்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் விளக்குகளை அணைத்தேன்.